நல்ல நாளும் கடைசி நாளும்

பிளஸ் டூ முடிவு வெளியானதும் நமது ஜனங்களில் அநேகர் முதலில் தேடுவது பஞ்சாங்கத்தைத்தான். கல்லூரிக்கு மனுப்போட எந்தத் தேதி கடைசி என்று விசாரிப்பவர்களைக் காட்டிலும், எந்தத் தேதியில் போட்டால் பலிக்கும் என்று விசாரிப்பவர்களே அதிகமாயிருக்கின்றார்கள். பஞ்சாங்கம் குறித்த நாள் தப்பினால் யாதொரு நஷ்டமும் இல்லை. சர்க்கார் குறித்த நாள் தப்பினாலோ பிள்ளையின் படிப்பே தப்பிப் போகும். இவ்விரண்டில் எதற்குப் பயப்பட வேண்டுமென்பதுகூடவா நமக்குத் தெரியாது?

நமக்குத் தெரிந்த நெசவுக்காரத் தோழர் ஒருவரின் மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வில் ஒரு சர்க்கார் கல்லூரியில் தற்காலிகமாக இடம் ஒதுக்கப்பட்டது. அதைச் சம்மதமென்று கம்ப்யூட்டரில் பதிவு செய்ய இரண்டே நாள் தவணை. அந்த இரண்டு நாளும் அட்டமியும் நவமியுமாய் வந்து சேர்ந்தன. "தசமியில் பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். தசமியில் பார்த்தார்கள், இடம் இல்லை. அந்தப் பெண் பன்னிரண்டு வருஷம் படித்தது அட்டமி நவமி பார்த்தா? மறுநாளே தரகன் வாசலுக்கு வந்துவிட்டான். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தருகிறானாம், தறியை விற்றாலும் தீராத தொகைக்கு! அந்தத் தரகனுக்கு மாத்திரம் அட்டமியுமில்லை, நவமியுமில்லை.

அந்த இடம் சும்மா வந்ததல்ல என்பதையும் சொல்லவேண்டும். வகுப்புரிமை உத்தரவு செல்லாதென்று 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னபோது இந்நாட்டில் எழுந்த கிளர்ச்சியினால், அவ்வருஷமே அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது. 1984-ல் ஏற்பட்ட நுழைவுத் தேர்வு, 2007-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பொறியியலுக்கு நீங்கியது. 69 சதவிகிதம் இருக்கின்றது. ஆறாம் வகுப்பு முதல் சர்க்கார் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 சதவிகிதம் தனியாக இருக்கின்றது. இவ்வளவையும் வாங்கி வைத்துக்கொண்டு, தேதி தெரியாமல் வாசலில் நிற்பதென்றால் வாங்கி என்ன பிரயோசனம்?

முறை ஒன்றும் பிரம்ம ரகசியமல்ல. மே மாதத்தையொட்டி மனு வாங்கத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறார்கள். கணக்கு மார்க்கு நூறு, பௌதிகமும் ரசாயனமும் ஐம்பது ஐம்பது, ஆக இருநூறுக்குக் கணக்கிட்டு வரிசை எண் கொடுக்கிறார்கள். சமவாய்ப்பு எண் என்று ஒன்று போடுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு "தலையெழுத்து" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. மார்க்கு, வயது எல்லாம் இருவருக்கும் சமமாயிருந்தால் மாத்திரமே கடைசியில் அந்த எண்ணைப் பார்ப்பது. அதற்கு முன்னால் கணக்கில் ஒரு மார்க்குக் கூடியவன் முந்திக்கொள்வான். தலையெழுத்துக்கு அங்கே வேலையே கிடையாது.

பிறகு கல்லூரிகளை விருப்ப வரிசைப்படி எழுதவேண்டும். இங்கேதான் நம்மவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். "பெரிய கல்லூரியை முதலில் எழுதினால் கிடைக்காது, கிடைக்கிறதும் போய்விடும்" என்று பயந்து, பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போடுகிறார்கள். இது சுத்த அறியாமை. மேலே எழுதியது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்க்கிறார்கள்; அதனால் ஒன்றும் குறைவதில்லை. ஆனால் பக்கத்து ஊரை முதலில் எழுதி அது கிடைத்துவிட்டால், கீழே எழுதிய நல்ல கல்லூரி உங்களுக்கென்று காலியாயிருந்தாலும் வராது. எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம், பத்தோடு நிறுத்துவானேன்? ஒதுக்கப்பட்ட இடத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேலே காலியாகும் இடத்துக்குக் காத்திருக்கவும் வழியிருக்கின்றது. ஆனால் எதற்கும் தவணைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். மௌனம் சம்மதமென்பது கல்யாணத்துக்குச் சரி. இங்கே மௌனமென்றால் வேண்டாமென்றே அர்த்தம்.

ஜாதிச் சான்றிதழும் அப்படியே. அது மனுவோடு சேராவிட்டால் நம் பிள்ளை பொதுப் பிரிவில் நிற்கவேண்டியதுதான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் இல்லாவிட்டால் கல்விக் கட்டணச் சலுகை போய்விடும். இவற்றைத் தாசில்தார் ஆபீசில் வாங்க நாளாகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மார்ச்சு மாதத்திலேயே எழுதிக்கொடுத்தால் ஒரு முறை நடந்தால் போதும். கடைசி வாரத்தில் போனால் ஒன்பது முறை நடக்கவேண்டும், கைச்செலவும் ஒன்பது மடங்கு.

குற்றம் முழுவதையும் ஜனங்கள் தலையில் போடவும் நாம் தயாராயில்லை. கலந்தாய்வு உதவி மையங்கள் ஜில்லாதோறும் இருக்கின்றன. ஆனால் அப்படி ஒன்று இருப்பதை எட்டாவது மைலில் உள்ள சேரிக்காரனுக்குச் சொல்வது யார்? படித்தவன் வீட்டில் அப்பன் சொல்லுகிறான். நம் வீட்டில் அப்பனே பள்ளிக்கூடம் பார்த்ததில்லை. பள்ளி ஆசிரியர்கள் முடிவு வெளிவந்த மறுநாளே பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லியிருக்கவேண்டும். சில ஊர்களில் செய்கிறார்கள். பல ஊர்களில் செய்வதில்லை.

ஆதலால் நமது படிப்பகங்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசலில் கரும்பலகை இருக்கின்றது. கூட்டம் இல்லாத நாளில் அது சும்மாதானே கிடக்கின்றது? மனுவுக்குக் கடைசித் தேதி, விருப்பம் எழுதும் தேதி, சம்மதம் பதியும் தேதி, மணி உட்படப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிளஸ் டூ முடித்த பிள்ளை எந்தத் தெருவில் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு, கம்ப்யூட்டர் தெரிந்த தோழர் ஒருவர் தவணை முடிவதற்கு முந்தின நாளே அந்த வீடுகளுக்குப் போய்வரட்டும். அன்று ராகுகாலமாயிருந்தால், ராகுகாலத்திலேயே போகட்டும்.