செயின் மட்டும் போதுமா?

எங்கள் வீட்டில் ஒரு கிழவர் இருக்கிறார். 1980இல் திருவொற்றியூரில் பிறந்த புல்லட் வண்டி. அதில் இலஞ்சியிலிருந்து வாழையிலைக் கட்டுகளை ஏற்றி, புளியரை மேடேறி, ஆரியங்காவில் அப்பா விற்று வந்த காசில்தான் நான் இக்கல்லூரியின் படியேறினேன்.

சென்ற ஆண்டு செயின் தொய்ந்தது. “செயினை மட்டும் மாற்றினால் போதும்” என்றார் பட்டறைக்காரர். எனக்குத் தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய மாதம், அப்பாவும் தலையாட்டினார். ஆறே மாதத்தில், புளியரை வளைவில் புதுச் செயின் பல்லைத் தாண்டிக் குதித்தது. கட்டோடு சரிந்தார். முழங்கையில் ஏழு தையல்.

நண்பர்களே, செயினின் இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. உள்ளிருக்கும் பின்னும் புஷ்ஷும் தேய்வதால் கண்ணிகளின் இடைவெளி கூடுகிறது. கூடவே பல்லும் கொக்கிபோல் வளைந்து தேய்கிறது. அந்தப் பல்லில் மாட்டிய புதுச் செயினும் விரைவிலேயே கெடும். புல்லட் செயினில் 20 கண்ணி 12½ அங்குலம். அது கால் அங்குலம் கூடிவிட்டால் செயின், முன்பல், பின்பல் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும் என்பது என் கருத்து. பழைய புல்லட்டில் பின்பல்லும் பிரேக் டிரம்மும் ஒன்றாகவே இருக்கும், டிரம்மையே வாங்கவேண்டும். ஏழை வீடுகள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான்.

“முன்பல் 16க்குப் பதில் 17 போடு, பெட்ரோல் மிச்சம்” என்போரும் உண்டு. சமவெளியில் சரி. இழுவிசை ஏறத்தாழ 6 விழுக்காடு குறையுமே, புளியரை மேடு ஒத்துக்கொள்ளுமா? (பௌதிகம் படிப்பதால் வந்த வாய்த்துடுக்கு!)

என் உதவித்தொகையில் டிரம் வாங்கியாயிற்று. முன்பல் 16தான். “ரெண்டு சட்டை எடுத்திருக்கலாமேடா” என்று அப்பா இன்னும் முணுமுணுக்கிறார்.