கடன் அடைக்கிற கதையைச் சொல்லுங்க, ஆனா பெயரையும் தொகையையும் சேர்த்துச் சொல்லாதீங்க



இன்ஸ்டாவுலயும் யூடியூப்லயும் இப்போ அடிக்கடி கண்ணுல படுற ஒரு விஷயம்: "5 லட்சம் கடன், 24 மாசத்துல அடைக்கப் போறேன், இன்னைக்கு டே 1." கூடவே லோன் ஆப்போட ஒரு ஸ்கிரீன்ஷாட். மீதி அசல் எவ்வளவு, இஎம்ஐ எவ்வளவு, அடுத்த டியூ தேதி என்ன, எல்லாமே அதுல இருக்கும். சொல்றவர் முகமும் இருக்கும், சில சமயம் கழுத்துல கம்பெனி ஐடி கார்டும் தொங்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். கடன் அடைக்கிறதை வெளிய சொல்றது நல்ல விஷயம், தாராளமா சொல்லுங்க. ஆனா உங்க பெயர், உங்க தொகை, இந்த ரெண்டுல ஏதாவது ஒண்ணு மட்டும்தான் வெளிய போகணும். பெயர் தெரிஞ்சா தொகை தெரியக் கூடாது. தொகை தெரிஞ்சா பெயர் தெரியக் கூடாது.

சொல்லாம இருந்தா என்ன?

"எதுக்கு வம்பு, பேசாம அடைச்சுட்டுப் போகலாமே"ன்னு சிலர் கேட்பாங்க. நான் அதை ஒத்துக்க மாட்டேன். சம்பளம் 1ஆம் தேதி வருது, 5ஆம் தேதி இஎம்ஐ போகுது, 20ஆம் தேதி கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். பக்கத்து சீட்டுல இருக்கிறவருக்கும் இதே நிலைமைதான். ஆனா ரெண்டு பேரும் டீ குடிச்சுட்டு கிரிக்கெட் பேசிட்டு வந்துடுவீங்க. நம்ம ஊர்ல கடன்னாலே அது மானப் பிரச்சினை. அந்தக் கூச்சத்துலதான் ஒரு கார்டு பாக்கியைக் கட்ட இன்னொரு ஆப்ல கடன் வாங்குறது நடக்குது.

"இந்த மாசம் எக்ஸ்ட்ரா கட்டப் போறேன்"னு நாலு பேர்கிட்ட சொன்னவருக்கு, அடுத்த ஆன்லைன் சேல் வரும்போது கை கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கம் பணத்துக்குச் சமம். அதனால சொல்லுங்க. எதைச் சொல்றோம்கிறதுதான் கேள்வி.

லைக் போடாம பார்க்கிறவங்க

உங்க போஸ்ட்டைப் பார்த்து "சூப்பர் ப்ரோ"ன்னு சொல்றவங்க ஒரு பக்கம். எதுவும் சொல்லாம குறிச்சு வச்சுக்கிறவங்க இன்னொரு பக்கம். எந்த பேங்க், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி டியூ, இந்த மூணும் ஒரு மோசடிக்காரருக்குப் போதும். ரெண்டு நாள் கழிச்சு போன் வரும்: "சார், உங்க பர்சனல் லோன்ல 3,12,000 ரூபா பாக்கி இருக்கு. இன்னைக்கே ஃபோர்குளோஸ் பண்ணா 40 சதவீதம் தள்ளுபடி. முதல்ல 9,000 ரூபா பிராசஸிங் கட்டணம் கட்டிடுங்க."

சரியான பாக்கித் தொகையைச் சொல்றவரை நாம பேங்க் ஆளுன்னுதான் நம்புவோம். அந்தத் தொகை ஏற்கெனவே நம்ம போஸ்ட்லயே இருக்குங்கிறது அந்த நேரத்துல ஞாபகம் வராது. கடன் நெருக்கடியில இருக்கிறவருக்குத் தள்ளுபடிங்கிற வார்த்தை காதுல விழுந்தா, யோசிக்கிற வேகம் தானா குறைஞ்சுடும். இப்படிப் பணம் போயிடுச்சுன்னா உடனே 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கு.

முகம் காட்டலைன்னா போதுமா?

போதாது. பெயர் இல்லாத அக்கவுன்ட்ல இருந்தும் பெயர் கசியும். மூணு இடத்தை மட்டும் பாருங்க.

ஒண்ணு, யூபிஐ ஐடி. "சப்போர்ட் பண்ண நினைக்கிறவங்க இங்க அனுப்பலாம்"னு ஒரு ஐடி போடுறீங்க. அதை யார் வேணும்னாலும் தன்னோட பேமென்ட் ஆப்ல டைப் பண்ணா, பணம் அனுப்பாமலே உங்க பெயர் தெரியும். பல பேரோட ஐடியில மொபைல் நம்பரே இருக்கும்.

ரெண்டு, மொபைல் நம்பர். தினமும் பயன்படுத்துற நம்பர்ல புது அக்கவுன்ட் ஆரம்பிச்சா, உங்க நம்பரை சேவ் பண்ணி வச்சிருக்கிற சித்தப்பாவுக்கு "உங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம்"னு அது போய் நிக்க வாய்ப்பு இருக்கு. தனி மெயில் ஐடியில ஆரம்பிச்சு, கான்டாக்ட் இணைக்கிற வசதியை ஆஃப் பண்ணிடுங்க.

மூணு, ஸ்கிரீன்ஷாட்ல அழிக்கிற விதம். போன்ல இருக்கிற ஹைலைட்டர்ல ரெண்டு தடவை தேய்ச்சா கண்ணுக்குக் கறுப்பாத் தெரியும். பிரைட்னஸைக் கூட்டிப் பார்த்தா அடியில இருக்கிற எண் தெரிஞ்சுடலாம். 2023ல இதைவிட மோசமா ஒண்ணு வெளிய வந்துச்சு. கூகுள் பிக்சல் போன்ல வெட்டிச் சேமிச்ச சில ஸ்கிரீன்ஷாட்டுகள்ல, வெட்டின பகுதியைத் திரும்ப எடுக்க முடிஞ்சது. கோளாறைச் சரி பண்ணிட்டாங்க, ஆனா அதுக்கு முன்னாடி வெளிய போன படங்கள் போனதுதான். அதனால ஸ்கிரீன்ஷாட்டே வேண்டாம். ஒரு நோட்டுல கையால எழுதி, அதைப் படம் பிடிச்சுப் போடுங்க. நீங்க எழுதாத விஷயம் அதுல இருந்து கசியாது.

சட்டம் பார்த்துக்காதா?

தனியுரிமை நம்ம அடிப்படை உரிமைன்னு உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்னைக்குத் தீர்ப்பு சொல்லிடுச்சு. 2022ல ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகள்படி, கடன் ஆப்கள் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோ கேலரியையும் தொடக் கூடாது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியும் இரவு 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது. உங்களைப் பொதுவுல அவமானப்படுத்தவோ, குடும்பத்தையும் நண்பர்களையும் தொந்தரவு பண்ணவோ கூடாது.

இதெல்லாம் மத்தவங்க உங்க தகவலை எடுக்கிறதைத் தடுக்கிற விதிகள். நீங்களே எடுத்து வெளிய வச்சா கதை வேற. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருத்தர் தானாகவே பொதுவெளியில வச்ச தகவலுக்குப் பொருந்தாது. சட்டத்துலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு: தன் கருத்தை எழுதும்போது ஒரு பெண் தன் சொந்தத் தகவலைச் சமூக ஊடகத்துல தானே போட்டா, அதுக்கு இந்தச் சட்டத்தோட பாதுகாப்பு கிடையாது. கடன் கொடுத்தவர் செய்யக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி தடுத்து வச்சிருக்கிற வேலையை, நாமே நமக்கு ஏன் செய்துக்கணும்?

அந்தக் கடன்ல உங்க வீடும் இருக்கு

எனக்குப் பெரிய விஷயமாப் படுறது இதுதான். "அப்பா ஆபரேஷனுக்கு 2 லட்சம், தங்கச்சி கல்யாணத்துக்கு 3 லட்சம்"னு நீங்க சொல்லும்போது, அது உங்க கதை மட்டும் இல்ல. அப்பாவோட உடல்நிலை அவர் விஷயம். தங்கச்சியோட மாமியார் வீட்டுல அந்த வீடியோவை யாராவது பார்த்தா, பதில் சொல்ல வேண்டியது அவங்கதான். "குடும்பச் செலவுக்கு வாங்கின கடன்"னு சொன்னா போதும். கேட்கிறவங்களுக்கு உங்க வழிமுறைதான் உதவும், காரணம் இல்ல.

அதே நேரம், மறைக்க வேண்டியது ஊர்கிட்டதான். கணவன் மனைவிக்குள்ள, இல்லைன்னா நம்பிக்கையான ஒரு நண்பர்கிட்ட, முழுத் தொகையும் பைசா சுத்தமாத் தெரியணும். ஆயிரம் ஃபாலோயர்ஸுக்குத் தெரிஞ்ச கடன் வீட்டுல இருக்கிறவருக்குத் தெரியலைன்னா, அது தப்பான இடத்துல காட்டுற வெளிப்படைத்தன்மை.

அப்போ எப்படிச் சொல்றது?

ஒரு கணக்கு எடுத்துக்குவோம். சம்பளம் 42,500 ரூபா, எல்லா இஎம்ஐயும் சேர்த்து 17,000. மொத்தக் கடன் 5,65,000ல இதுவரை 90,400 அடைச்சாச்சு.

முகத்தோட பேசப் போறீங்களா? இப்படிச் சொல்லுங்க: "சம்பளத்துல 40 சதவீதம் இஎம்ஐக்குப் போகுது. வட்டி அதிகமான கார்டு பாக்கியை முதல்ல அடைக்கிறேன். மொத்தக் கடன்ல 16 சதவீதம் முடிஞ்சுது." கேட்கிறவருக்குத் தேவையான எல்லாமே இதுல இருக்கு. ஏமாத்துறவருக்குப் பயன்படுற எண் எதுவும் இல்ல.

தொகையைச் சொன்னாதான் உங்களுக்கு உறைக்குமா? அப்போ முகம், குரல், ஊர், கம்பெனி எதுவும் வேண்டாம். பேங்க் பெயரும் டியூ தேதியும் ரெண்டு வழியிலயும் வேண்டாம். ஒவ்வொரு மாசக் கணக்கையும் ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்க.

"ப்ரூஃப் எங்க ப்ரோ?"ன்னு கண்டிப்பா ஒருத்தர் கேட்பார். நீங்க பதில் சொல்ல வேண்டியது கடன் கொடுத்தவருக்கு. கமென்ட் போடுறவருக்கு நீங்க எதுவும் பாக்கி வைக்கல. ஸ்கிரீன்ஷாட் போட்டா வியூஸ் கூடும், உண்மைதான். ஆனா கடன் முடிஞ்சதும் பேங்க்ல நோ டியூ சர்டிபிகேட் தருவாங்க. போட்ட போஸ்ட்டுக்கு அப்படி ஒரு சர்டிபிகேட் யாரும் தர மாட்டாங்க. நாலு வருஷம் கழிச்சு வேலைக்கு எடுக்கிறவரோ, பொண்ணு மாப்பிள்ளை பார்க்கிறவரோ தேடும்போது அது அப்படியேதான் இருக்கும்.

இன்னைக்கே ஒரு வேலை செய்யுங்க. உங்க பழைய போஸ்ட், ஸ்டோரி ஹைலைட்ஸ் எல்லாத்தையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. பெயரும் தொகையும் சேர்ந்து இருக்கிறதை எடுத்துடுங்க. அப்புறம் கீழ கமென்ட்ல, மொத்தக் கடன்ல எத்தனை சதவீதம் முடிச்சிருக்கீங்கன்னு போடுங்க. சதவீதம் மட்டும் போதும் நண்பர்களே. 3 சதவீதமா இருந்தாலும் சொல்லுங்க, அடுத்த மாசம் அது எவ்வளவு ஆச்சுன்னு சேர்ந்து பார்ப்போம்.