ஆளில்லா ஊரும் ஊரில்லா ஆளும்

மலைக்கோட்டையைப் பற்றியும் திருவரங்கத்தைப் பற்றியும் பேச்செழும்போதெல்லாம், ஆங்கிலேயர் தீட்டிய பழைய நிலக்காட்சி ஓவியங்களை முன்வைத்து, 'அன்றைய சிராப்பள்ளி இப்படித்தான் இருந்தது' என்று சாதிப்போர் நம்மிடையே உளர். அவ்வோவியங்களின் அழகை நாம் மறுக்கவில்லை. அவை சாட்சியாகுமா என்பதே நம் வினா.

மலைக்கோட்டையை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய பிரான்சிஸ் ஸ்வெயின் வார்டு, கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரியாக இருந்தவர். 1760களில் பணி துறந்து இங்கிலாந்து திரும்பியவர், அவ்வோவியத்தைத் தீட்டியது 1772-73இல். 1773இல் அவருடைய பத்து ஓவியங்கள் கும்பினி இயக்குநர்களுக்கு அளிக்கப்பட்டன. அதே ஆண்டில் அவர் மீண்டும் படையில் சேர்ந்தார். அடுத்து வந்த தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் தென்னாடெங்கும் சுற்றி, மலைக்கோட்டையைக் காவிரியிலிருந்து நோக்கி வரைந்தனர். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து உடன்படிக்கை ஏற்பட்டதும் அதே ஆண்டு மார்ச்சில்தான். அப்போரின் வடு ஏதேனும் அப்பேரமைதிக் காட்சியில் தென்படுகிறதா?

கல்லுக்கு இத்தகைய ஓவியங்கள் ஓரளவு சாட்சி சொல்லும் என்பதை ஒப்புகிறோம். திருவரங்கத்தின் தெற்கு இராயகோபுரம் அன்று அடித்தளத்தோடு நின்ற மொட்டைக் கோபுரம். 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு அது நிறைவுற்றது 1987இல்தான். அதன் பழைய நிலையை அறியப் பழம்படங்கள் உதவும். மனிதருக்கோ அவை சாட்சி சொல்வதில்லை. இவ்வகை ஓவியத்தில் முன்புறம் நிற்கும் வழிப்போக்கன் ஓர் அளவுகோல். கட்டடத்தின் பெருமையைக் காட்டுவதற்காகச் சிறுத்துப் போனவன். அவன் எங்கிருந்து வருகிறான், உண்டானா என்று ஓவியன் கேட்பதில்லை.

இதன் மறுபக்கமும் நம் ஊரிலேயே உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் மைக்காத் தகடுகளில் தொழிலாளரையும் பணியாளரையும் தனித்தனியே தீட்டி வெள்ளையருக்கு விற்றனர். அங்கே ஆள் உண்டு, ஊர் இல்லை. இங்கே ஊர் உண்டு, ஆள் இல்லை. இரண்டையும் வாங்கியவர் ஒருவரே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மரபு வேறு. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையில் பசித்த வழிப்போக்கனே நடுநாயகம். அவன் பசியிலிருந்தும் கால்நடையிலிருந்துமே காவிரி நாடு நம் கண்முன் விரிகிறது. மன்னனைப் புகழ்ந்து பரிசில் பெறும் பாட்டுத்தானே அது என்பர். ஆம், ஆயினும் அப்பாட்டில் இரவலனுக்கு வாய் இருக்கிறது.

இப்படங்களை எரிக்கச் சொல்லவில்லை நாம். ஊர் மலர்களிலும் நூல் அட்டைகளிலும் அவற்றை அச்சிடுவோர் ஓவியர் பெயரையும், தீட்டிய ஆண்டையும், எவர் பார்வைக்காகத் தீட்டப்பட்டது என்பதையும் உடன் எழுதட்டும். 'நம் முன்னோர் வாழ்ந்த ஊர்' என்று மட்டும் எழுத வேண்டா. நம் முன்னோர் அப்படத்தில் வாழவில்லை, அளவுக்காக நிறுத்தப்பட்டிருக்கிறார்கள்.