ஸ்மித்துக்கு ஒரு விதி, நமக்கு ஒரு விதி

‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’ படத்தைக் கல்லூரி நாட்களில் பார்த்தபோது கடைசிக் காட்சியில் அழுதுவிட்டேன். ஃபிராங்க் காப்ரா இயக்கி 1939-இல் வெளிவந்த படம். சிறுவர் அமைப்பு நடத்தும் வெகுளி இளைஞன் ஸ்மித். சொன்னதற்குத் தலையாட்டுவான் என்று நம்பி அவனை செனட்டர் ஆக்குகிறார்கள். அணைக்கட்டு ஊழலை எதிர்த்ததும் அவன்மீதே பழி விழுகிறது. இருக்கையை விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டே இருக்கலாம் என்கிற செனட் விதியைப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க நின்று பேசி மயங்கி விழுகிறான்.

அண்மையில் மறுபடி பார்த்தேன். இம்முறை அழுகை வரவில்லை, கேள்விதான் வந்தது. இந்த விதியை நிஜத்தில் பயன்படுத்தியது யார்?

படம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1938-இல், கறுப்பின மக்களைக் கும்பலாகக் கூடிக் கொல்வதற்கு எதிரான மசோதா செனட்டுக்கு வந்தது. தென் மாநில வெள்ளையின உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசியே அதைச் சாகடித்தார்கள். 1957-இல் சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து ஸ்ட்ராம் தர்மண்ட் பேசியது 24 மணி 18 நிமிடம். கும்பல் கொலைக்கு எதிரான தேசியச் சட்டம் 2022-இல்தான் வந்தது.

நமக்கும் இது புதிதல்ல. பெண்களுக்குச் சொத்துரிமை, மணவிலக்கு உரிமை, சாதி பாராமல் மணம் முடிக்கும் உரிமை ஆகியவற்றைத் தரவிருந்த இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவையும் பேசிப் பேசித்தான் முடக்கினார்கள். 1951-இல் அண்ணல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வெளியேறினார்.

அப்படியானால் படத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது, தோழர்களே. அதில் இன்னொரு உண்மை இருக்கிறது. ஸ்மித்தின் பேச்சு அவனுடைய சொந்த மாநிலத்தை எட்டவே இல்லை. அங்கே பத்திரிகைகள் எல்லாம் டெய்லர் என்கிற பெரும்புள்ளியின் பிடியில். சிறுவர்கள்தான் தங்கள் சின்ன இதழில் உண்மையை அச்சடித்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோகிறார்கள். அடியாட்கள் அவர்களைத் தாக்குகிறார்கள்.

கடைசியில் ஸ்மித் தப்பிப்பது எதிரியின் மனசாட்சி உறுத்தியதால். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சாதியின் மனசாட்சி தானாக உறுத்தி நமக்கு எந்த உரிமையும் கிடைத்ததில்லை. அதனால் இன்று எனக்கு இந்தப் படத்தின் நாயகன் ஸ்மித் இல்லை. அடி விழும் என்று தெரிந்தும் இதழைச் சுமந்துபோன அந்தப் பிள்ளைகள்தான்.