தாய்ப்பால் வாரம்: பால் கட்டிய தாய்க்கு என்ன பதில்?

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 முதல் 7 வரை உலகத் தாய்ப்பால் வாரம். அரசு மருத்துவமனைகளில் கோலப் போட்டி, கல்லூரி மாணவிகளின் பேரணி, சுவரொட்டியில் சிரித்த முகத்தோடு ஒரு தாய். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். சரியான அறிவுரைதான். ஆனால் அந்தப் பேரணி போகிற தெருவை விடியற்காலையில் பெருக்கிவிட்டுப் போன பெண்ணுக்கு நான்கு மாதக் குழந்தை இருந்தால், அவர் அதை எப்படிப் பின்பற்றுவார்? சுவரொட்டியில் அதற்குப் பதில் இல்லை.

அவருக்கு நடப்பது இதுதான். பால் கட்டிக்கொள்ளும். மார்பு கல்லாக இறுகும். தொட்டால் உயிர் போகும் வலி. அதோடுதான் அவர் குப்பை வண்டியைத் தள்ளுகிறார்.

இயக்கக் கூட்டங்களில் இதைப் பேச நமக்குக் கூச்சம். "இது பொம்பளைங்க சமாச்சாரம்" என்று ஆண் தோழர்கள் நழுவுவார்கள். கூலி, பணி நிரந்தரம், கையுறை, காலணி என்று கோரிக்கைப் பட்டியல் எழுதும்போது இது விட்டுப்போகும். விட்டுப்போகக் கூடாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் உடம்பைப் புரிந்துகொள்வோம். மார்பில் பால் சுரந்துகொண்டே இருக்கிறது. மெல்லிய நாளங்கள் வழியாகக் காம்புக்கு வருகிறது. குழந்தை குடிக்காமல் நேரம் கடந்தால் பால் தேங்கும். சுற்றியுள்ள சதை வீங்கி நாளத்தை நெருக்கும். அந்த இடம் கட்டியாகும். குழந்தை காம்பைச் சரியாகக் கவ்வாவிட்டாலும், இறுக்கமான உடை அழுத்தினாலும் இது வரும். கவனிக்காமல் விட்டால் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வரும். அதை மார்பக அழற்சி என்கிறார்கள். அதையும் விட்டால் சீழ் வைக்கும். மருத்துவமனையில் சீழை வெளியேற்ற வேண்டியிருக்கும்.

இப்போது ஒரு சிறு கணக்குப் போடுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். காலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மதியம் 2 மணிக்குத் திரும்புகிற தாய்க்கு இடைவெளி 9 மணி நேரம். அதற்குள் குறைந்தது மூன்று வேளை தவறிப்போகும். பால் கட்டாமல் என்ன செய்யும்? கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டால் வலி குறையும். எங்கே போய்ப் பீய்ச்சுவது? சிறுநீர் கழிக்கவே மறைவிடம் இல்லாத வேலை அது. செங்கல் சூளையிலும், நாற்று நடவிலும், கட்டட வேலையிலும் இதே கதைதான். இந்த வேலைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, கட்டிவிட்டது. அடுத்து என்ன? "கண்ணு பட்டிருக்கு" என்று சுற்றிப் போடுவார்கள். அழுத்திப் பிசைந்துவிடுவார்கள். "அந்தப் பக்கம் கெட்ட பால், கொடுக்காதே" என்பார்கள். மூன்றும் தவறு. கட்டிய பக்கத்துப் பால் கெட்டுப்போவதில்லை. அந்தப் பக்கமும் கொடுக்க வேண்டும். அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும் என்பதால் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல் அதை வேண்டாம் என்கிறது. குளிர்ந்த துணி ஒத்தடம் வலியைக் குறைக்கும். ஒரு நாளில் கட்டி குறையவில்லை, அல்லது காய்ச்சல் வந்துவிட்டது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். பாலூட்டும்போதே சாப்பிடக்கூடிய மருந்துகள் இருக்கின்றன.

மல்லிகைப் பூவைக் கட்டும் வழக்கமும் உண்டு. அது பாலை வற்றவைக்கும் முறை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 1988-இல் வெளியிட்ட ஆய்வே அதைக் காட்டியிருக்கிறது. குழந்தைக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டிய தாய்க்கு அது உதவாது.

இந்த விவரங்களை நம் தெருக்களில் சொல்ல வேண்டும். ஆனால் விழிப்புணர்வோடு நிறுத்திக்கொண்டால், நாமும் அந்தச் சுவரொட்டியைத்தான் ஒட்டுகிறோம். எல்லாம் தெரிந்த தாயும் மறுநாள் 5 மணிக்குக் கிளம்பித்தான் ஆக வேண்டும். வலி தாங்காமல் பாலை நிறுத்துவார். மாவுப் பால் வாங்குவார். கட்டுப்படியாகாமல் தண்ணீரைக் கூட ஊற்றிக் கலக்குவார். குழந்தை எடை ஏறாது. அப்போது "ஏம்மா தாய்ப்பால் கொடுக்கல?" என்று அவரைத்தான் திட்டுவார்கள். நேரத்தைப் பறித்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை.

"அதான் 26 வாரம் விடுப்பு இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் உண்மைதான். ஆனால் பேற்றுக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்ததைக் காட்ட வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினால் பதிவேடும் மாறுகிற இடத்தில் அந்தப் பெண் எதைக் காட்டுவார்? வயலுக்கும் வீட்டுவேலைக்கும் போகிறவர்களுக்கு அந்த வாசலே திறக்கவில்லை.

ஆனாலும் சட்டம் நம் கையில் இருக்கிற ஆயுதம். தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1961 மகப்பேறு பயன் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தை 15 மாதம் ஆகும்வரை ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தந்தது. வழக்கமான ஓய்வு நேரம் தனி, இது தனி. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் இந்த உரிமைகள் உண்டு. தினக்கூலிப் பெண்களுக்கு இது பொருந்தாது என்று டெல்லி மாநகராட்சி வாதாடியபோது, 2000 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பள்ளம் தோண்டி, சாலை போட்ட பெண்களுக்கும் மகப்பேறு பயன் உண்டு என்று தீர்ப்பளித்தது.

இந்த உரிமையின் வரலாற்றில் அண்ணலுக்கும் இடம் உண்டு. 1928-இல் பம்பாய் சட்ட மேலவையில், ஆலைப் பெண்களுக்கான மகப்பேறு பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். பேற்றுக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்பது அவர் வாதம். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, சுரங்கப் பெண்களுக்கான மகப்பேறு சட்டத் திருத்தத்தையும் கொண்டுவந்தார். "பொம்பளைங்க சமாச்சாரம்" என்று அவர் நழுவவில்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்ட மனு போடுங்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியில் எத்தனை பெண்கள்? கடந்த மூன்று ஆண்டில் எத்தனை பேருக்கு மகப்பேறு பயன் கிடைத்தது? பாலூட்டும் இடைவேளை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? காப்பகம் எந்த வார்டில் இருக்கிறது? 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். கிடைத்த பதிலை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்களிடம் போங்கள். பெண் தோழர்கள் முன்னே நின்று பேசட்டும்.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இந்த மூன்றையும் சேருங்கள்: கூலி வெட்டில்லாத பாலூட்டும் இடைவேளை, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய்க்கு வீட்டருகே உள்ள தெருவில் பணி, வார்டு அலுவலகத்தில் கதவும் தண்ணீரும் உள்ள ஓர் அறை.

இதற்குப் பெரிய நிதி எதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணை ஒரு தாயாக மதிக்கும் மனம் நிர்வாகத்துக்கு வேண்டும். அது தானாக வராது, நாம்தான் வரவைக்க வேண்டும்.

ஜெய்பீம்.