காசு உள்ள பிள்ளைக்கு மட்டும்தானா சின்னம்மைத் தடுப்பூசி?

"சின்னம்மைதானே, வேப்பிலை கட்டி ஒரு வாரம் படுத்தால் இறங்கிவிடும்" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான் இறங்குகிறது. சிலருக்கு நிமோனியா, மூளைக்காய்ச்சல் வரை போகிறது. வளர்ந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

தடுப்பூசி பலன் தருகிறதா? தருகிறது. ஒரு தவணை போட்டாலே நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 80 விழுக்காடு குறைகிறது. கடுமையான நோய் வருவது மிக அரிது. இரண்டு தவணை போட்டால் பாதுகாப்பு 90 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 1995இல் ஒரு தவணையோடு தொடங்கிய அமெரிக்கா, ஊசி போட்ட பிள்ளைகளிடமும் நோய் பரவியதைப் பார்த்து 2006இல் இரண்டாம் தவணையைச் சேர்த்தது.

ஆனால் இந்திய அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை. தனியாரிடம் ஒரு தவணைக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு தவணை போட எட்டாயிரம். கூலிக்குப் போகும் தாய் எங்கே போவாள்?

"இதைவிடக் கொடிய நோய்கள் இருக்கின்றன, அவற்றுக்கே முன்னுரிமை" என்பார்கள். அந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் சந்தையில் விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், அதற்கும் விளைவு உண்டு. 80 விழுக்காட்டுக்கும் குறைவான குழந்தைகளுக்கே நீண்டகாலம் ஊசி போட்டுவந்தால், நோய் மூத்த வயதினரை நோக்கி நகரும் என்று எச்சரிக்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது, பணம் கட்டியவர் பிள்ளை தப்பிக்கும். கட்ட முடியாதவர் பிள்ளையைச் சிறுவயதில் தொடாத நோய், வளர்ந்தபின் கடுமையாகப் பிடிக்கும்.

நம் பிள்ளைகள் தங்கும் ஆதிதிராவிடர் நல விடுதிகளை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். ஒரே வீட்டில் இருப்பவர்களில், முன்பு நோய் வராத பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்குத் தொற்றும் நோய் இது. கொப்புளம் தெரியும் முன்பே பரவத் தொடங்கிவிடும். அதுவும் கோடை தொடங்கும் நேரம், பொதுத்தேர்வு நேரம். ஒருவருக்கு வந்தால் ஒரு விடுதியே தேர்வை இழக்கலாம்.

தோழர்களே, நம் கோரிக்கை எளிது. விடுதி மாணவர்களில் சின்னம்மை வராதவர்களுக்கு இரண்டு தவணையும் அரசே இலவசமாகப் போடட்டும். ஒருவருக்கு நோய் கண்டால் மூன்று நாட்களுக்குள் மற்றவர்களுக்கு ஊசி போடட்டும். அப்போதும் பலருக்குத் தடுக்க முடியும். பிறகு எல்லாக் குழந்தைகளுக்குமான அட்டவணையில் சேர்க்கட்டும். விடுதி நாள் கூட்டத்தில், ஆட்சியரிடம் தரும் மனுவில் இதை முதல் வரியாக எழுதுவோம்.