கியோட்டோ கொண்டுவந்த காற்றாலைகளா?

தென்தமிழ்நாட்டின் காற்றாலைகளை, உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தத்தின் வெற்றியாகக் காட்டும் வாதத்துக்குக் காலவரிசையே மறுப்பு. ஒப்பந்தம் 1997-இல் ஏற்கப்பட்டு, 2005-இல் நடைமுறைக்கு வந்தது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்களின் காற்றை நம்பி முப்பந்தலிலும் கயத்தாறிலும் 1990களிலேயே காற்றாலைகள் சுழன்றன. தேய்மானத்தை விரைந்து கழிக்கவிட்ட வருமான வரிச் சலுகையும், நூற்பாலைகளின் மின்தேவையுமே அவற்றை எழுப்பின.

ஒப்பந்தத்தின் 12-ஆம் பிரிவு செய்தது வேறு. வளரும் நாட்டுத் திட்டமொன்று ஒரு டன் கரியமில வாயுவையோ அதற்கு ஈடான வாயுவையோ தவிர்த்தால் ஒரு சான்று கிடைத்தது. அதை வாங்கிய, உமிழ்வு வரம்புள்ள பணக்கார நாடு தன் நாட்டில் ஒரு டன் கூடுதலாக வெளியிட முடிந்தது. சான்றுப் பணம் இல்லாவிட்டால் நடந்திராத திட்டத்துக்கே சான்று என்பது விதியாக இருந்தது. ஆனால் இந்தியா போன்ற நாடுகளுக்கு அந்த ஒப்பந்தத்தில் உமிழ்வு வரம்பே இருக்கவில்லை. ஆகவே கணக்கை மிகைப்படுத்துவதால் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒப்புதல் தரும் அரசுக்கும் இழப்பிருக்கவில்லை, இழப்பு வளிமண்டலத்துக்கே.

இந்தியக் காற்றாலைகளுக்கான சான்றுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே சென்றதாகப் பொருளியல் ஆய்வொன்று கணித்தது. அத்தகைய சான்று ஒவ்வொன்றும் உலக உமிழ்வைக் கூட்டியது. குளிர்பதன வாயு ஆலைகளில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது: கழிவு வாயு எச்எஃப்சி-23-ஐ அழிப்பதற்கான சான்றுகள் பெரும் லாபம் தந்ததால், அந்தக் கழிவை உண்டாக்கும் உற்பத்தியையே பெருக்கத் தூண்டுதல் பிறந்தது. 2013-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தச் சான்றுகளைத் தன் சந்தையிலிருந்து தடைசெய்தது.

காற்றாலைகள் நல்லவை, அவற்றின் பெயரால் விற்ற உமிழ்வு உரிமையே தவறு. பாரிஸ் ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு, விற்கும் நாடும் விற்ற டன்னைத் தன் உமிழ்வுக் கணக்கில் கூட்டித் திருத்தக் கோருகிறது. அந்தத் திருத்தத்தில் விலக்குக்கு இடமளிக்கக் கூடாது.